அழைப்பின்பேரில் எழுதப்படும் பயணநூல்: வல்லார்பாடத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தமிழ்ப் பயண இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பயணியின் வரலாறு, அவர் சென்ற நாடுகள், அவர் தரும் செய்திகள் என்னும் மூன்றையே வரிசைப்படுத்தி அமைகின்றன. பயணியை அழைத்தவர் யார், தங்க இடம் தந்தவர் யார், எத்தனை நாள் தங்கினார், யாருடைய துணையோடு ஊரைப் பார்த்தார் என்னும் வினாக்கள் நூன்முகத்தோடு நின்றுவிடுகின்றன. ஆயின் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வெளிவந்த தமிழ்ப் பயணநூல்களில் கணிசமானவை ஏதேனும் ஓர் அழைப்பின் விளைவாகத் தோன்றியவை. மாநாட்டுக்குச் சென்றவர், பண்பாட்டுக் குழுவில் சென்றவர், அலுவற் பயிற்சிக்குச் சென்றவர் ஆகியோரே அவற்றை எழுதினர். அண்மைக்காலத்தில் ஒடுக்கத்துக்கும் தன்னார்வப் பணிக்கும் செல்வோர் இவர்களோடு சேர்ந்துள்ளனர்.

இவ்வகைப் பயணத்தை 'அழைப்புப் பயணம்' என இக்கட்டுரை குறிக்கிறது. அழைப்பு பயணநூலின் மொழியை எவ்வாறு உருவாக்குகிறது, அம்மொழி எதைக் கேட்கவிடாமல் செய்கிறது, மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இதனால் நேரும் இழப்பு யாது என்பன இங்கு ஆராயப்படுகின்றன. ஆய்வுக்கு உரைகல்லாகக் கொச்சித் துறைமுகத்தை அடுத்த வல்லார்பாடம் என்னும் தீவு எடுத்துக்கொள்ளப்படுகிறது. எர்ணாகுளத்தில் நடைபெறும் மாநாட்டுக்கு வருபவர், வல்லார்பாடத்து அன்னையின் திருத்தலத்தில் ஒடுங்கியிருக்க வருபவர், பெருவெள்ளத்துக்குப் பின் உதவிப்பணிக்கு வருபவர் ஆகிய மூவரும் கடந்து செல்லும் இடம் அது.

2. மூன்று அழைப்புகள், மூன்று சொற்கள்

அழைப்பின் மூன்று வகைகளுக்கும் தமிழ் வழங்கும் பெயர்களே சில செய்திகளை உணர்த்துகின்றன.

'மாநாடு' என்பது 'மகாநாடு' என்ற வடிவிலும் நெடுங்காலம் வழங்கியது. நாடு என்னும் சொல் நிலப்பகுதியை மட்டுமன்றி அந்நிலப்பகுதியாரின் அவையையும் குறித்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணும் சித்திரமேழிப் பெரியநாடு இதற்குச் சான்று. நாட்டார் கூடினால் அது நாடு. இன்றைய மாநாட்டிலோ நாட்டார் இல்லை; வெளியூரார் மட்டும் கூடுகின்றனர். அவையின் பெயரில் நாடு இருக்க, அவை கூடும் ஊர் பெரும்பாலும் அவைக்கு வெளியே நிற்கிறது.

'ஞான ஒடுக்கம்' என்பது கத்தோலிக்கத் தமிழர் வழக்கு. ஒடுக்கம் புலனடக்கத்தையும், ஞானியர் அடங்கிய இடத்தையும் சுட்டும் சொல்லாகத் தமிழ்ச் சமய மரபில் முன்பே இருந்தது. அரசியல் தமிழில் 'ஒடுக்குமுறை' நிலைபெற்றபின் இச்சொல் பொதுவழக்கில் தயக்கத்துக்குரியதாயிற்று. இன்று அவ்விடத்தைப் பெரும்பாலும் 'தியானம்' பிடித்துள்ளது. மலையாளத்திலும் அதுவே வழக்கு.

மூன்றாவது 'தொண்டு'. திருத்தொண்டர் என்ற உயர்வழக்கிலிருந்து கட்சித் தொண்டர் என்ற வழக்குக்கு இச்சொல் நகர்ந்த காரணத்தால், கட்சி சாராத பணியாளரைக் குறிக்கத் 'தன்னார்வலர்' என்ற புதுச்சொல் தேவைப்பட்டது. இலங்கைத் தமிழில், 1958இல் தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் வாயிலாகச் 'சிரமதானம்' பரவியது. உழைப்பைக் கொடையாகக் கருதும் அச்சொல்லில் கொடுப்பவர் வெளிப்படை; பெறுபவர் மறைந்து நிற்கிறார். தன்னார்வலர் என்னும் சொல்லிலும் கொடுப்பவரின் விருப்பமே பொருளாகிறது.

இம்மூன்றும் பயணியின் நிலையை நோக்கி அமைந்த சொற்கள். அவர் சென்று சேர்ந்த ஊரின் நிலை இவற்றில் எதிலும் இல்லை என்பது கருதத்தக்கது.

3. தலைப்புகளின் இலக்கணம்

தமிழ்ப் பயணநூல்களின் தலைப்புகளை நோக்கினால் இக்கருத்து மேலும் விளங்கும். மு. வரதராசனாரின் 'யான் கண்ட இலங்கை', நெ. து. சுந்தரவடிவேலுவின் 'நான் கண்ட சோவியத் ஒன்றியம்' போன்ற தலைப்புகள் ஒரு வாய்பாடாகவே வழங்கின. தன்மை ஒருமை எழுவாய், இறந்தகாலப் பெயரெச்சம், இடப்பெயர் என்பது அதன் அமைப்பு. இறந்தகாலப் பெயரெச்சம் வினையை முடித்துவிடுகிறது. நாடு பார்க்கப்பட்டாயிற்று, இனி அதனை எடுத்துரைப்பதே எஞ்சியுள்ளது என்ற பொருள் அதில் தொனிக்கிறது. 'கேட்ட' என்னும் பெயரெச்சம் இவ்வாய்பாட்டில் ஏறக்குறைய இடம்பெறுவதேயில்லை.

சோமலெயின் 'ஆஸ்திரேலியாவில் ஒரு மாதம்' கால அளவை வெளிப்படையாக அறிவிக்கிறது. இது நேர்மையான தலைப்பு. நூலின் எல்லை எது என்பதை வாசகர் தொடக்கத்திலேயே அறிகிறார். தி. ஜானகிராமனின் ஆஸ்திரேலியப் பயணநூலான 'அடுத்த வீடு ஐம்பது மைல்' அந்நிலத்தில் வாழ்வோரின் அளவுகோலையே தலைப்பாக்குகிறது. 'நான்' இல்லாத அத்தலைப்பில் அந்நாட்டாரின் பேச்சின் சாயல் கேட்கிறது.

ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற தலைப்பில் வருவது 'சுற்றும்' என்னும் பெயரெச்சம். வினை முடியவில்லை. செட்டியாரின் முக்கியப் பயணங்கள் அழைப்பின்பேரில் அமைந்தவையல்ல என்பதை இங்கு இணைத்து நோக்குதல் வேண்டும். 1940இல் வெளியான காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்துக்காக அவர் கண்டம் கண்டமாகச் சென்று, பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். அது பிறரிடம் சென்று வினவிப் பெறவேண்டிய பணி. அவருடைய பயணக்கட்டுரைகளில் எழுதுபவர் பின்னுக்கு நிற்பதும், சிறு தொடர்களில் பிறர் முன்னுக்கு வருவதும் அவரது இயல்பை மட்டும் காட்டுவன அல்ல. அவர் மேற்கொண்ட வேலையின் தன்மையும் அவற்றுக்குக் காரணம் எனலாம். முந்தைய தலைமுறையினர் எழுதிய பயணக்கட்டுரைகளை அவர் தேடித் தொகுத்து வெளியிட்டதும் இவ்வியல்பின் தொடர்ச்சியே.

4. வேற்றுமையும் வினையும்: ஒரு சோதனை

மூவகை அழைப்புப் பயணத்துக்கும் தனித்தனித் தொடரமைப்பு உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு.

மாநாட்டுப் பயணியின் நடையில் 'படு' துணைவினை மிகுதி. வரவேற்கப்பட்டோம், அழைத்துச் செல்லப்பட்டோம், எங்களுக்குக் காட்டப்பட்டது என அது செல்லும். செய்தவர் யார் என்பது மறைய, விருந்தோம்பல் மட்டும் எஞ்சுகிறது. ஒடுக்கத்துக்குச் சென்றவரின் நடை தன்மை ஒருமையில் நிற்கும். உணர்ந்தேன், அடங்கினேன், விளங்கிற்று என்பன அதற்குரிய முற்றுகள். சுற்றியிருக்கும் ஊர் அங்கு அமைதியாகவும் காட்சியாகவும் மட்டுமே உள்ளது. தன்னார்வப் பயணியின் நடை தன்மைப் பன்மையில் அமையும். கட்டினோம், வழங்கினோம், கற்பித்தோம் என்னும் வினைகளுக்கு ஊரார் நான்காம் வேற்றுமையில் 'அவர்களுக்கு' என நிற்பர். எழுவாயாக நிற்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது.

ஆகவே ஒரு பயணநூலை மதிப்பிட எளிய சோதனை ஒன்றை முன்மொழியலாம். நூலில் 'என்று' என்னும் இடைச்சொல்லோடு முடியும் கூற்றுத் தொடர்களை எடுத்து, அவற்றைக் கூறியவர் யார் என நோக்குவதே அது. அமைப்பாளர், தலைவர், வழிகாட்டி ஆகியோரின் கூற்றுகள் மட்டும் காணப்படின், அந்நூல் வரவேற்பின் பதிவாகும். படகு செலுத்துபவர், வலை இழுப்பவர், துணி வெளுப்பவர், உணவு சமைப்பவர் ஆகியோரின் கூற்றுகளும், அவர்தம் சொற்களும் காணப்படின் அது ஊரின் பதிவாகும். முன்னது நல்ல நடையில் இருக்கலாம். பின்னது செம்மையற்ற நடையிலும் இருக்கலாம். மொழியியலார்க்குப் பயன்படுவது பின்னதே.

5. தனிநாயகம் அடிகள்: வழிவிலகலின் பயன்

அழைப்புப் பயணம் அனைத்தும் வறிது என்று கூறுதல் பொருந்தாது. எதிர்ச்சான்றாகச் சேவியர் தனிநாயகம் அடிகளைக் (1913-1980) கருதலாம். தமிழ் ஆய்வுலகில் மாநாட்டுப் பயணியின் வாழ்வை அவரைப்போல் முழுமையாக வாழ்ந்தவர் சிலரே. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 சனவரியில் புது தில்லியில், கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலக மாநாடு கூடியபோது உருவாயிற்று. அதாவது, ஒரு மாநாட்டில் வேறொரு மாநாடு கருக்கொண்டது. அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. அவருடைய பயணநூலான 'ஒன்றே உலகம்' வெளிவந்ததும் அவ்வாண்டே.

ஆயின் அடிகளின் பயணங்கள் தமிழ்மொழி வரலாற்றுக்குத் தந்த நிலையான பயன் மேடைகளில் விளைந்தது அன்று. மேடையிலிருந்து விலகி நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சென்றமையால் விளைந்தது அது. 1554இல் லிஸ்பனில் அச்சான, தமிழை உரோமன் எழுத்தில் தரும் 'கார்த்தில்யா'வைத் தமிழ் ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்தாவ் த புரோயன்சாவின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக நிழற்படப் பதிப்பாக வெளியிட்டவரும் அவரே.

இவ்விரு நூல்களும் நம் பொருளோடு நேர்த் தொடர்புடையன. கார்த்தில்யாவை உருவாக்கிய தமிழர் மூவர். விசேந்தே நசரே, ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ் என்னும் அவர்தம் ஞானப்பெயர்கள் பதிவாகியுள்ளன. பதினாறாம் நூற்றாண்டின் நூல் ஒன்று மொழியுதவி செய்தவர்களின் பெயரைக் காத்துள்ளது. இன்றைய பயணநூல்களோ ஊர்காட்டியவரின் பெயரையும் விட்டுவிடுகின்றன. புரோயன்சாவின் அகராதி 1679இல், ஆசிரியர் மறைந்து 13 ஆண்டுகளுக்குப்பின், கொச்சிக்கு வடக்கேயுள்ள அம்பழக்காட்டில் அச்சிடப்பெற்றது. 1663இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றவே, இயேசு சபையினர் அக்கோட்டையை விட்டு உள்நாட்டுக்கு நகர்ந்திருந்தனர். அதற்கு முன்னர் 1579இல் கொச்சியிலேயே என்றிக்கே என்றீக்கசின் 'கிரிசித்தியானி வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாகியிருந்தது.

கொச்சியிலும் அதன் அயலிலும் அச்சான தமிழ் நூல்கள் ஐரோப்பிய நூலகங்களுக்குப் பயணம் செய்தன. அவற்றைக் காணத் தமிழர் ஐரோப்பாவுக்குப் பயணம் செய்யவேண்டியதாயிற்று. ஆனால் கொச்சிக்கே வரும் தமிழறிஞர், அவ்வூர் தமிழ் அச்சு வரலாற்றில் பெறும் இடத்தை நினைவுகூர்வது அரிதாக உள்ளது. அவருக்குத் தரப்படும் அரைநாள் உலாவில் சீனவலை, ஒல்லாந்தர் அரண்மனை எனப்படும் மட்டாஞ்சேரி அரண்மனை, 1568இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடம் ஆகியன இடம்பெறும். கோட்டைக் கொச்சியின் வேளிப் பகுதியிலுள்ள 'டோபி கானா'வில் நிழற்படம் எடுக்க வண்டி நிற்கும். அங்கு வெளுப்போர் தமிழ் வழிவந்தவர். ஒல்லாந்தர் காலத்தில் படையினரின் உடை வெளுக்க அழைத்துவரப்பெற்றவர்களின் வழியினர் தாம் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச்செய்தி. அவர்களும் அழைப்பின்பேரில் வந்தவர்களே, வேலைக்காக அழைக்கப்பட்டவர்கள். தமிழகத்துக்கு வெளியே, மலையாளச் சூழலில், பல தலைமுறையாக வழங்கிவரும் தமிழ் அங்குள்ளது. நிழற்படத்தில் வெண்துணியின் வரிசை பதிவாகிறது, பேச்சு பதிவாவதில்லை.

6. வல்லார்பாடம்: கேட்கவேண்டிய சொற்கள்

6.1. பாடம்

தீவின் பெயரிலேயே தமிழ்ப் பயணிக்கு ஒரு தடை உண்டு. 'பாடம்' என்பது மலையாளத்தில் வயலைக் குறிக்கும். தமிழர் செவியில் அது கற்கும் பாடமாகவே ஒலிக்கும். உறவுமொழிகளுக்கிடையே பயணம் செய்பவர்க்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை என்ற எண்ணம் பொதுவாக உள்ளது. உண்மையில் அங்குத்தான் அவர் தேவை. அறியாத சொல் பயணியை நிறுத்தி வினவச் செய்யும். அறிந்ததுபோல் தோன்றும் சொல் அவரை நிற்கவிடாது.

கொச்சிக் காயலோரத்து வயல் தனித்தன்மையுடையது. மழைக்காலத்தில் உவர்நீரின் கடுமை குறையும்போது 'பொக்காளி' என்னும் உவர்தாங்கும் நெல் விளையும். அறுவடைக்குப்பின், ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அதே வயலில் கடல்நீரை ஏற்றி இறால் வளர்ப்பர். அதற்குச் 'செம்மீன் கெட்டு' என்று பெயர். தமிழில் 'கட்டு' என்ற வடிவுக்கு நேரானது இக் 'கெட்டு'. தமிழர் அதனைக் கெட்டுப்போன இறால் எனக் கொள்வதற்கு இடமுண்டு. நெல்லும் இறாலும் மாறிமாறி விளையும் இந்நிலத்தை 'வயல்' என்ற ஒரே சொல்லால் பெயர்த்தால், வாசகர் மனத்தில் தஞ்சாவூர் நன்செய் தோன்றும். இங்குப் 'பாடம்' என்பதையே வைத்து, ஒருமுறை விளக்கம் தந்து செல்வது முறை.

6.2. உபகாரமும் காருண்யமும்

வல்லார்பாடத்துத் திருத்தலத்தில் உள்ள அன்னையின் படம் 1524இல் போர்ச்சுகீசியரால் கொண்டுவரப்பெற்றது என்பது மரபு. 1676இல் வெள்ளத்தால் கோயில் அழிந்தபோது நீரில் மிதந்த அப்படத்தை மீட்டுத் தந்தவர் கொச்சி அரசின் அமைச்சராகிய பாலியத்து இராமன் வலியச்சன் என்றும், புதிய கோயிலுக்கு நிலமும் அணையா விளக்கும் அளித்தவர் அவரே என்றும் கூறுவர். 2004இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

அன்னையின் பட்டப்பெயர் மொழிபெயர்ப்பாளர்க்கு அரிய எடுத்துக்காட்டு. சிறைப்பட்டோரைப் பணம் கொடுத்து மீட்பதற்கென 1218இல் பார்சலோனாவில் தோன்றிய துறவற சபையோடு இணைந்தது இப்பட்டம். கூலி, விலை என்னும் பொருளுடைய 'மெர்செஸ்' என்ற இலத்தீன் சொல், பின்னர் அருள், தயவு என்ற பொருளைப் பெற்று எசுப்பானியத்தில் 'மெர்செத்' எனவும் போர்ச்சுகீசியத்தில் 'மெர்சே' எனவும் நின்றது. ஆங்கிலம் மீட்புத்தொகை என்ற பொருளைத் தெரிந்துகொண்டது. மலையாளம் 'காருண்ய மாதா' என அருளைத் தெரிந்துகொண்டது. கன்னியாகுமரிக் கடற்கரையில் இதே பட்டத்துக்குரிய அன்னை 'அலங்கார உபகார மாதா'. பிறர் செய்த உதவி என்ற பொருளில் 'உபகாரம்' போர்ச்சுகீசிய மெர்சேக்கு மிக நெருங்கி நிற்கிறது. ஆங்கிலக் கையேட்டைக் கொண்டு எழுதும் பயணி 'மீட்பின் அன்னை' எனப் புதுப்பெயர் படைப்பார். கன்னியாகுமரி மீனவர்களிடம் முன்பே வழங்கும் பெயர் அவர் செவிக்கு எட்டியிராது. ஒடுக்கத்துக்கு வருபவர் அமைதியை நாடுவது முறையே. ஆயினும் அருகில் முழங்காலிட்டிருப்பவர் அன்னையை என்ன பெயரிட்டு அழைக்கிறார் என்பது அமைதிக்குள் கேட்கத்தக்க ஒன்று.

6.3. அடிமை

இத்தலத்துக்குச் சிறப்பான நேர்ச்சை 'அடிம வைத்தல்'. 1752இல் படகு கவிழ்ந்து குழந்தையோடு காயலில் மூழ்கிய பள்ளிக்கவீட்டில் மீனாட்சியம்மா என்னும் பெண், உயிர் பிழைத்தால் அன்னைக்கு அடிமையாக இருப்பதாக நேர்ந்துகொண்டார் என்றும், மூன்றாம் நாள் மீட்கப்பட்டு அவ்வாறே கோயிற்பணி செய்து வாழ்ந்தார் என்றும் மரபு கூறும். அடியார்கள் கோயில் முற்றத்தைப் பெருக்குவது இதன் நினைவாக இன்றும் நிகழ்கிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு 'அடிமை' என்னும் சொல் கைக்கு எட்டும் இடத்திலேயே உள்ளது. வைணவ மரபில் அடிமை உயர்ந்த நிலை. இதனால் இச்சொல்லை அவ்வாறே வைப்பது எளிது. ஆனால் எளிமையே இங்குத் தடை. கொச்சி அரசில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1854இல், திருவிதாங்கூரில் 1855இல். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் வசமிருந்த கொச்சியிலிருந்து மனிதர்கள் அடிமைகளாக விற்கப்பட்டுக் கப்பலேறினர். அக்காலத்தில் அக்காயலில் 'அடிமை' என்று ஒருவர் சொன்னால், அது உருவகம் மட்டுமன்று. துறைமுகத்தில் கண்முன் நிகழ்ந்த நிலை. சிறைப்பட்டோரை விடுவிக்கும் அன்னைக்கு ஒருவர் தம்மை அடிமையாக்கிக்கொள்கிறார் என்பதில் உள்ள முரண் அவ்வூராருக்குத் தெரிந்த முரண்.

'பக்தை ஆனாள்' எனப் பெயர்த்தால் இம்முரண் முழுதும் போகும். 'அடிமையானாள்' என மட்டும் பெயர்த்தால் தமிழ் வாசகர் ஆழ்வார்களை நினைப்பர், துறைமுகத்தை நினையார். ஆதலின் இங்கு வேண்டுவது புதுச்சொல் அன்று. 'அடிமை' என்றே வைத்து, அவ்வாண்டில் அச்சொல் சந்தையிலும் வழங்கியதை உடன் சொல்லுதல் வேண்டும். இது பயண எழுத்தாளர் செய்யவேண்டிய பணி. மொழிபெயர்ப்பாளர் பின்னர் அடிக்குறிப்பில் செய்துமுடிக்கத்தக்கதன்று.

6.4. குடியொழிப்பிக்கல்

2004இல் கோஸ்ரீ பாலங்கள் எர்ணாகுளத்தை வல்லார்பாடத்தோடும் வைப்பினோடும் இணைத்தன. 2011இல் வல்லார்பாடத்தில் பன்னாட்டுச் சரக்குப்பெட்டக மாற்று முனையம் திறக்கப்பட்டது. மாநாட்டுப் பயணியின் எழுத்தில் இவை வளர்ச்சியின் சான்றுகளாக இடம்பெறும். முனையத்துக்குச் செல்லும் சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் நிலம் எடுத்தபோது, 2008 பிப்ரவரி 6ஆம் நாள் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அத்திட்டத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் 316. மறுவாழ்வுக் கோரிக்கைகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன.

இந்நிகழ்வைக் குறிக்க மலையாளத்தில் வழங்கும் சொல் 'குடியொழிப்பிக்கல்'. 'குடி', 'ஒழி' இரண்டும் தமிழிலும் உள்ளவை. மலையாளத்தில் ஒழிதல் இடத்தைக் காலிசெய்தல். தமிழிலும் 'வீட்டை ஒழித்துக் கொடு' என்னும் வழக்கில் இப்பொருள் உள்ளது. எனினும் இன்றைய எழுத்துத்தமிழில் 'ஒழிப்பு' என்றால் அழிப்பே முதலில் தோன்றும். 'அப்புறப்படுத்தல்' என்ற செய்தித்தாள் சொல்லோ மனிதரைப் பொருளாக்கிவிடுகிறது. 'குடியெழுப்புதல்' என்பது சிலருக்கு விளங்கலாம், பலருக்கு விளங்காது. மலையாளச் சொல்லில் பிறவினை வெளிப்படையாக நிற்கிறது. குடும்பங்கள் தாமே ஒழியவில்லை, ஒழியச் செய்யப்பட்டனர். 'இடம்பெயர்வு' என்னும் தன்வினைப் பெயரைத் தமிழ்ப் பயணநூல் பயன்படுத்தும்போது, செய்தவர் தொடரிலிருந்து நீங்கிவிடுகிறார். 'குடியகற்றல்' என்ற வடிவம் பிறவினைப் பொருளைக் காக்கும் என்பதால் அதனைப் பரிந்துரைக்கலாம்.

2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்துக்கு உதவ வந்தோர் பலர். அவ்வெள்ளத்தில் தம் படகுகளோடு முதலில் சென்று பிறரை மீட்டவர்கள் கடலோர மீனவர்களே. தன்னார்வலரின் நூலில் 'அவர்களுக்கு' என நான்காம் வேற்றுமையில் நிற்பவர் களத்தில் எழுவாயாக இருந்தவர் என்பதை இது காட்டும். வேற்றுமை உருபைத் திருத்தினால் அன்றி அந்நூலின் செய்தி திருந்தாது.

7. ஒரு மறுப்பும் விடையும்

மூன்று நாள் தங்கும் மாநாட்டுப் பயணியிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது முறையா எனக் கேட்கலாம். களஆய்வாளரின் கடமையைப் பயண எழுத்தாளர்மீது சுமத்துவதாகவும் கூறலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. மூன்று நாளில் ஒரு வட்டார வழக்கை ஆராய இயலாது. ஆயின் ஐந்து சொற்களைச் சரியாகக் கேட்க இயலும். மேலே காட்டிய சொற்கள் நீண்ட ஆய்வால் மட்டுமே கிட்டுவன அல்ல. கோயில் முற்றம், வயல்வரப்பு, படகுத்துறை ஆகிய இடங்களில் ஒருவரை நிறுத்தி 'இதற்கு என்ன சொல்வீர்கள்' என வினவினால் கிட்டக்கூடியன.

அழைத்தவரைக் குறைகூறுவது நன்றிமறத்தல் ஆகாதோ என்பது மற்றொரு தயக்கம். தமிழ்ப் பயணநூல்களின் பாராட்டு நடைக்கு இத்தயக்கம் முக்கியக் காரணம். விருந்தளித்தவர்க்கு நன்றி கூறுவது பண்பாடு. ஆயினும் நன்றிக்குரியவர் அழைப்பிதழில் கையொப்பமிட்டவர் மட்டும் அல்லர். நூலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சொல் தந்தவரும் அந்நன்றிக்கு உரியவரே. அவருடைய சொல்லைப் பிழையின்றிப் பதிவதே அவர்க்குச் செலுத்தும் நன்றி.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு:

அ. அழைப்புப் பயணம் பயணநூலின் தொடரமைப்பை உருவாக்குகிறது. மாநாட்டு நடையில் செயப்பாட்டு வினையும், ஒடுக்க நடையில் தன்மை ஒருமையும், தன்னார்வ நடையில் ஊராரை நான்காம் வேற்றுமையில் வைக்கும் அமைப்பும் மேலோங்குகின்றன. மூன்றிலும் ஊரார் பேசுவோராக இடம்பெறுவது குறைவு.

ஆ. தமிழுக்கு நிலையான பயன் தந்த அழைப்புப் பயணங்கள் நிகழ்ச்சிநிரலிலிருந்து விலகிச் சென்றவை. தனிநாயகம் அடிகளின் நூலகத் தேடல் இதற்குச் சான்று.

இ. உறவுமொழிப் பகுதிகளில் பயணிக்கும் தமிழர்க்குத் தெரிந்த சொல்லே பெருந்தடை. பாடம், கெட்டு, அடிமை, ஒழிதல் ஆகியன வல்லார்பாடத்தில் அவ்வாறு நிற்கின்றன.

ஈ. இப்பகுதிகளிலிருந்து எழுதுவோர், தாம் கேட்ட சொல், அதனைச் சொன்னவரின் தொழில், சொன்ன இடம், எதைச் சுட்டிச் சொன்னார் என்னும் நான்கு குறிப்புகளை நூலின் இறுதியில் தருதல் நன்று. மாநாட்டு அமைப்பாளரும் அரைநாள் உலாவை ஒரு தொழிலிடத்தில் நிகழும் உரையாடலாக மாற்றலாம். கொச்சியில் அதற்குத் தொலைவு செல்லவேண்டியதில்லை. வேளியில் தமிழ் பேசுவோர் வெளுத்துக்கொண்டிருக்கின்றனர்.

1579இல் கொச்சியில் தமிழ் அச்சேற்றியவர்களும், 1679இல் அம்பழக்காட்டில் அகராதி அச்சிட்டவர்களும் வெளியிலிருந்து வந்த பயணிகளே. அவர்தம் நோக்கம் சமயம் பரப்புதல். அந்நோக்கத்தை எவ்வாறு மதிப்பிடினும், தாம் வந்த நாட்டின் மக்கள் எச்சொல்லை வழங்கினர் என்பதைக் கேட்டு எழுதியதால் அவர்கள் நூல்கள் இன்று நமக்குத் தேவைப்படுகின்றன. 'கண்ட' நாடுகளைப் பற்றிய நூல்கள் தமிழில் போதிய அளவு உள்ளன. 'கேட்ட' நாடுகளைப் பற்றிய நூல்கள் இனித்தான் பெருகவேண்டும்.